குற்றம் எப்படிக் குற்றமாகிறது?

1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில், ஆயிரம் பொன் பரிசுக்கு ஏங்கி நாகேஷ் தருமியாகப் புலம்பும் காட்சியை மதுரைக்காரர்களுக்கு யாரும் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதையின் கனமான இடம் அதற்கடுத்து வருகிறது. பாண்டியன் அவையில் சிவபெருமானே புலவர் வடிவில் வந்து நின்று தன் பாட்டுக்காக வாதாடுகிறார். பாட்டில் பொருட்குற்றம் இருக்கிறது என்கிறார் நக்கீரர். வந்தவர் தாம் யார் என்பதை நெற்றிக் கண்ணைத் திறந்து காட்டிவிட்ட பிறகும் நக்கீரர் தம் சொல்லில் இருந்து இறங்கவில்லை. படத்தில் அந்த வேடத்தை ஏற்றவர் இயக்குநர் ஏ.பி. நாகராஜனே. பரஞ்சோதி முனிவரின் புராணத்தில் நக்கீரர் வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். பிறகு இறைவனே அவரைக் கரையேற்றுகிறார்.

பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்பதுதான் வழக்கு. அவ்வளவு பெரிய விஷயம் ஒன்றுமில்லை. அதற்கு அடியில் கிடக்கும் கேள்விதான் பெரியது. சொன்னவர் கடவுள் என்பதால் மட்டும் ஒன்று சரியாகிவிடுமா?

இதே கேள்வி கிரேக்க நாட்டில் ஒரு நீதிமன்ற வாசலில் எழுந்ததாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். யூதிஃப்ரோ என்பவர் தன் சொந்தத் தந்தை மீதே கொலை வழக்குத் தொடுக்க வந்திருக்கிறார். குடிவெறியில் ஓர் அடிமையைக் கொன்றுவிட்ட கூலியாளைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டு, என்ன செய்யலாம் என்று கேட்டுவர அந்தத் தந்தை ஆளனுப்பியிருந்தார். ஆள் திரும்புவதற்குள் பள்ளத்தில் கிடந்தவன் இறந்துபோனான். மகனைத் தேர்க்காலில் இட்ட திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையில் வளர்ந்த தமிழர்களுக்குத் தந்தை மேல் வழக்குப் போடும் மகன் பெரிய வியப்பைத் தர மாட்டான். சாக்ரடீஸுக்கு வியப்பாக இருந்தது. தான் செய்வது புண்ணியம் என்று இந்த மனிதர் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்? கடவுளர் விரும்புவதால் ஒரு செயல் நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் கடவுளர் அதை விரும்புகிறார்களா என்று மடக்கினார். முதல் விடையை ஏற்றால், நாளை கடவுளர் கொடுமையை விரும்பினால் கொடுமையும் நல்லதாகிவிடும். இரண்டாவதை ஏற்றால், நன்மை என்பது கடவுளரையும் கட்டுப்படுத்தும் ஒன்றாக எங்கோ தனியே நிற்கிறது. யூதிஃப்ரோ திணறினார், வேலை இருக்கிறது என்று நழுவினார். நக்கீரருக்கு அந்தத் திணறல் இல்லை. அவர் இரண்டாவது பக்கம் நின்றார். அதற்கான விலையையும் கொடுத்தார்.

கபடியில் பாடி வந்தவர் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்று நடுவரோடு மல்லுக்கு நிற்பது ஒரு வகைச் சண்டை. 'இந்தக் கோட்டை யார் போட்டது, இதற்கு என்ன அதிகாரம்' என்று கேட்பது வேறொரு வகை. எது செய்யத் தகும், எது தகாது என்று முதல் வகையில் ஆராய்வதை நெறிமுறை அறவியல் என்கிறார்கள். தகும், தகாது என்ற பேச்சுக்கே அடிப்படை என்ன என்று தோண்டுவது மீயறவியல்; ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு மெட்டா எத்திக்ஸ். ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி எரிச்சலைத்தான் தரும். கோடே கோணல் என்று ஒருவருக்குப் பட்டுவிட்டால் அவருக்கு அதைத் தவிர வேறு கேள்வி கிடையாது.

மீயறவியலில் கட்சிகள் பல. நன்மை, தீமை என்பவை யார் ஒப்புக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் உண்மையாகவே இருப்பவை என்பது ஒரு கட்சி. 1903இல் கேம்பிரிட்ஜின் ஜி.இ. மூர், நன்மை உண்டு, ஆனால் இன்பம், நலம் என்று வேறு எதைக் கொண்டும் அதை வரையறுத்துவிட முடியாது என்று வாதிட்டார். 1936இல் ஏ.ஜே. அயர் என்ற இருபத்தைந்து வயது இளைஞர் இதையெல்லாம் ஒரே போடாகப் போட்டார். 'திருடுவது தவறு' என்று ஒருவர் சொல்லும்போது அவர் எந்தச் செய்தியையும் சொல்லவில்லை, முகத்தைச் சுளித்துக் காட்டுகிறார், அவ்வளவே என்றார். இந்தக் கணக்கில் அறம் பேசுவதெல்லாம் நாகரிகமாகச் சொல்லப்படும் 'ச்சீ'யும் 'சபாஷும்'தான். 1977இல் ஜே.எல். மேக்கி இன்னும் ஒரு படி போனார். அறம் பேசுகிறவர்கள் உண்மையில் ஒரு செய்தியைத்தான் சொல்ல வருகிறார்கள், ஆனால் அப்படி ஒரு செய்தி உலகில் இல்லவே இல்லை என்றார். மேக்கியைச் சங்கப் பலகையில் உட்கார வைத்து ஓர் அற வழக்கைக் கேட்டிருந்தால், வாதி பிரதிவாதி இருவரையும் ஒருசேரத் தள்ளுபடி செய்திருப்பார்.

சாதாரண மனிதர்கள் அதிகம் நம்புவது இந்த மூவரையும் அல்ல. ஊருக்கு ஊர் வழக்கம் வேறு, அந்தந்த ஊருக்கு அது அது சரி என்ற நிலைப்பாடுதான் தேநீர்க் கடைகளில் செல்லுபடியாவது. சார்புவாதம் என்று இதற்குப் பெயர். பெருந்தன்மை போலத் தெரியும் இதை மதுரை வட்டாரத்தின் வரலாறு இரண்டு முறை உரசிப் பார்த்திருக்கிறது.

அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்த கமுதியில், 1897இல் நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். மதுரை நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம் என்று ஏறிய வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. மூன்று படிகளிலும் நீதிபதிகள் பெரிதும் சார்ந்து நின்றது ஒன்றே: நெடுநாள் வழக்கம் இது. அந்த வழக்கம் நியாயமானதா என்ற கேள்வி அந்த அவைகளின் வேலைக்குள் வரவே இல்லை.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள், வழக்கறிஞர் அ. வைத்தியநாத ஐயர் ஒரு சிறு குழுவை அழைத்துச் சென்றார். பின்னாளில் தமிழகத்தின் உள்துறை அமைச்சரான பி. கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் ஐவரும், நாடார் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரும் அதில் இருந்தார்கள். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். மூன்று ஆண்டுகளுக்கு முன் திருவிதாங்கூரில் மன்னரின் பிரகடனம் வந்த பிறகே கோயில் கதவுகள் திறந்தன. மதுரையில் நடந்ததோ தலைகீழ். மனிதர்கள் முதலில் உள்ளே போனார்கள். அவர்கள் மேல் வழக்குப் பாயாமல் காக்கும் அவசரச் சட்டத்தை ராஜாஜி அரசு பிறகே கொண்டுவந்தது. அந்த ஆண்டே அது முறையான சட்டமும் ஆயிற்று.

ஊர் வழக்கமே சரி தவறுகளைத் தீர்மானிக்கிறது என்றால் அன்று காலை வைத்தியநாத ஐயர் செய்தது குற்றம்; வழக்கம் மாறிய பின் அதே செயல் புண்ணியம். ஒரே செயல் காலண்டரைப் பார்த்து நிறம் மாறுகிறது. அவரோடு நடந்தவர்கள் அப்படி நினைத்திருக்க முடியாது. வழக்கம் தவறு என்று சொல்ல வேண்டுமானால் வழக்கத்துக்கு வெளியே கால் வைக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு மீயறவியலார் இன்னும் திண்டாடுகிறார்கள் என்பது வேறு விஷயம். சீர்திருத்தம் செய்த எவரையும் சார்புவாதத்தால் விளக்க முடிவதில்லை என்பதே அதன் ஆகப் பெரிய ஓட்டை.

சரி, நன்மை என்று ஒன்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அதை எதை வைத்து அளப்பது? இங்கேதான் நெறிமுறை அறவியலின் மூன்று பெரிய கோட்பாடுகளும் கடை விரிக்கின்றன. ஒன்று விளைவைப் பார்க்கிறது, ஒன்று கடமையை, ஒன்று ஆளை. முதல் இரண்டை விளக்க எங்கெங்கோ போக வேண்டியதில்லை. மதுரையின் கீரந்தை என்ற அந்தணன் வீட்டுக் கதவே போதும்.

கதை சிலப்பதிகாரத்தில் வருகிறது. மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி கண்ணகியிடம் சொல்வது. மக்கள் வாய்வழியே அது இன்னும் விரிந்தது. வெளியூர் போன கீரந்தையின் மனைவிக்குத் தான் காவல் என்று பாண்டியன் மனத்துக்குள் ஏற்றுக்கொள்கிறான். இரவுதோறும் தெருவில் மாறுவேடத்தில் நடக்கிறான். ஓரிரவு அந்த வீட்டுக்குள் ஆண் குரல் கேட்கிறது. அரசன் கதவைத் தட்டிவிடுகிறான். உள்ளே இருப்பது ஊர் திரும்பிய கணவன். 'யார் அது' என்ற அதட்டலைக் கேட்டதும் அரசனுக்குத் தன் தவறு புரிகிறது. இந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது அந்தப் பெண்ணின் மேல் பழியாக விழும். அரசன் என்ன செய்தான்? தெருவில் இருந்த எல்லா வீட்டுக் கதவுகளையும் தட்டிவிட்டு மறைந்தான். மறுநாள் தெருவே திரண்டு அரண்மனையில் முறையிட்டது. தட்டியவனுக்கு என்ன தண்டனை என்று அரசன் கேட்க, கையை வெட்ட வேண்டும் என்றார்கள். அவன் தன் கையை வெட்டிக்கொண்டான். பொன்னால் கை செய்து பொருத்தியதால் பொற்கைப் பாண்டியன் ஆனான்.

இந்த ஒரே இரவுக்குள் இரண்டு தத்துவங்கள் குடியிருக்கின்றன. எல்லாக் கதவுகளையும் தட்டியபோது அவன் விளைவைக் கணக்கிட்டான். ஒரு சிறு பித்தலாட்டம், தெரு முழுவதற்கும் சற்றே தூக்கக் கேடு, பதிலுக்கு ஒரு பெண்ணின் மானம். யாரும் குறை சொல்ல முடியாத கணக்கு. கையை வெட்டியபோது கணக்கை மூட்டைகட்டி வைத்துவிட்டான். வெட்டியதால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை; அவனைத் தவிர யாருக்கும் உண்மை தெரியாது. ஆனாலும் ஊருக்கு ஒரு சட்டம், தனக்கு ஒரு சட்டம் என்று வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை.

கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் வாழ்ந்த இம்மானுவேல் கான்ட் இந்த இரண்டாவது பாண்டியனை எழுந்து நின்று வணங்கியிருப்பார். 1785இல் அவர் எழுதியதன் சாரம் இதுதான்: நீ எந்த விதியின்படி நடக்கிறாயோ அது எல்லோருக்குமான சட்டமாக இருக்கும்படி நீ விரும்ப முடியுமா என்று பார். முடியாவிட்டால் விட்டுவிடு. தன்னை மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்வதே கான்ட்டின் பார்வையில் தீமையின் வேர். மனிதரை வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே என்பது அவருடைய இன்னொரு கட்டளை.

முதல் பாண்டியனை அவர் விட்டுவைத்திருக்க மாட்டார். 1797இல் அவரிடம் வந்ததும் ஒரு கதவு தட்டல்தான். கொலைகாரன் ஒருவன் உன் வீட்டுக் கதவைத் தட்டி, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். பொய் சொல்லலாமா? கூடாது என்றார் கான்ட். உண்மை பேசுவது விளைவைப் பார்த்து மாறும் கடமை அல்ல என்பது அவர் பிடிவாதம். மேலை நாட்டில் அவருடைய அபிமானிகளே இந்த இடத்தில் நெளிகிறார்கள். திருவள்ளுவர் நெளியவில்லை. வாய்மை அதிகாரத்தைத் தொடங்கும்போதே, பிறருக்குத் தீங்கில்லாத சொல்தான் வாய்மை என்று அளவுகோலை மாற்றி வைத்தார். அடுத்த குறளிலேயே, குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்று வழிவிட்டார். அதற்காக வள்ளுவரை விளைவுவாதி என்று முத்திரை குத்திவிட முடியாது. தாயின் பசியைக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்று வேறோர் இடத்தில் விளைவின் முகத்துக்கு நேராகவே கதவைச் சாத்துபவரும் அவர்தான்.

விளைவை மட்டுமே பார்ப்போம் என்று துணிந்தவர்கள் இங்கிலாந்தில் ஜெரமி பெந்தமும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும். 1789இல் பெந்தம் வகுத்தது எளிய கணக்கு. ஒரு செயலால் எத்தனை பேருக்கு எவ்வளவு இன்பம், எவ்வளவு துன்பம்? கூட்டிக் கழித்துப் பார். ஏழையின் துன்பமும் பிரபுவின் துன்பமும் ஒரே எடை. 18ஆம் நூற்றாண்டில் இது புரட்சி. மில் இதைச் செம்மைப்படுத்தினார். அவர் 1823 முதல் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் சம்பளம் வாங்கியவர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுதந்திரத்தைப் பற்றி அவர் எழுதிய புகழ்பெற்ற நூலிலேயே, 'நாகரிகம் அடையாத' மக்களுக்கு அது பொருந்தாது என்று ஒதுக்கி வைத்திருக்கிறார். கூட்டல் சரியாக இருந்தும் வரிசையில் யாரைச் சேர்ப்பது என்பதில் கோட்டை விட்ட கணக்கு அது.

இந்தக் கணக்கின் நல்ல முகத்தை மதுரை அண்ணா நகரில் பார்க்கலாம். அரசுப் பணியில் இருந்து ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, 1976இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் கத்தி பிடிக்கப் பழகிக்கொண்டவர் அவர். பார்வையிழப்பு இந்தியாவில் எண்ணிக்கைப் பிரச்சினை என்பதை அவர் கண்டுகொண்டார். கண்புரையால் பார்வை போனவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அறுவை சிகிச்சையோ சில நிமிட வேலை. அப்படியானால் மருத்துவரின் ஒவ்வொரு நிமிடமும் வீணாகாமல் மேஜைகளை அடுக்க வேண்டும். கட்டணம் செலுத்துபவர்களின் பணத்தில் செலுத்த முடியாதவர்களுக்கும் சிகிச்சை நடக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்து வந்த விழிலென்ஸ் எட்டாத விலையில் இருந்ததால் 1992இல் ஆரோலேப் என்ற பெயரில் சொந்தமாகவே தயாரிக்கத் தொடங்கினார்கள். மெக்டொனால்ட்ஸ் உணவகத்தின் வேகத்தைத் தன் முன்மாதிரிகளில் ஒன்றாக அவர் சொன்னதுண்டு. 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இந்த மருத்துவமனையைப் பாடமாக எழுதியது. ஒரே பணத்தில் எங்கே அதிகத் துயரம் குறையும் என்று பார்த்துக் கொடுப்பதே கடமை என்று 1972 முதல் வாதாடிவரும் ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கர், பார்வையிழப்பைத் தடுக்கும் மலிவான சிகிச்சைகளையே அடிக்கடி உதாரணமாக எடுக்கிறார்.

அதே கண் மருத்துவமனையில் பெந்தமின் கணக்கைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் வயிற்றைப் புரட்டுகிறது. இரண்டு கண்ணும் நன்றாக உள்ள ஒருவரைப் பிடித்து, ஒரு விழிப்படலத்தை எடுத்துப் பார்வையற்ற ஒருவருக்குப் பொருத்தினால் என்ன? ஒருவருக்குப் பாதி இழப்பு, இன்னொருவருக்கு முழு உலகம். கூட்டல் சரியாகவே வருகிறது. ஆனாலும் உலகில் யாரும் இதை ஒப்ப மாட்டார்கள். கண்ணப்ப நாயனார் தன் கண்ணைத் தானே அகழ்ந்து அப்பியது பக்தி; இன்னொருவர் அகழ்ந்திருந்தால் கொலைபாதகம். 1967இல் ஃபிலிப்பா ஃபுட் என்ற பெண் தத்துவவாதி, கட்டுப்பாடிழந்து ஓடும் டிராம் வண்டி ஒன்றை வைத்து இந்த வேறுபாட்டைத்தான் கிளறினார். ஐவர் நிற்கும் தடத்தில் இருந்து ஒருவர் நிற்கும் தடத்துக்கு வண்டியைத் திருப்பலாம் என்போர் பலர். ஆனால் ஐவரைக் காக்க ஒருவரைக் கொன்று உறுப்பெடுப்பதை அவர்களே மறுக்கிறார்கள். எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் மனம் ஏன் மாறுகிறது? இன்றுவரை முழுச் சம்மதமான விடை இல்லை.

கண்ணகி வழக்கில் இந்தக் குழப்பம் முற்றுகிறது. நெடுஞ்செழியன் கெட்ட எண்ணத்தில் கோவலனைக் கொல்லவில்லை. பொற்கொல்லன் சொல்லை நம்பினான், விசாரிக்கவில்லை. விளைவு மாற்ற முடியாதது. தவறு தெரிந்த நொடியில் உயிரை விட்டான். அதோடு கணக்கு நேரானது என்று கண்ணகி ஒப்பவில்லை. பார்ப்பனர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் என்று விலக்கிவிட்டு ஊரை எரித்தாள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு வளையல் வியாபாரி என்ன குற்றம் செய்தான்? காப்பியமே இந்த நியாயத்தில் அமைதி அடையவில்லை போலும். மதுராபதி வந்து, முற்பிறவியில் கோவலன் ஒரு நிரபராதி வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்த கதையைச் சொல்லி ஊழின் மேல் பாரத்தை இறக்குகிறது. பொற்கைப் பாண்டியன் கதை வருவதும் அதே பேச்சில்தான். எரியும் நகரத்தின் நடுவே, பாண்டியர் குலத்தின் நற்பெயருக்காக ஒரு தெய்வம் வாதாடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது கோட்பாடு செயலைவிட ஆளைப் பார்ப்பது, அரிஸ்டாட்டில் காலத்தது. 1958இல் எலிசபெத் ஆன்ஸ்கம் என்பவர் எழுதிய ஒரு கட்டுரையோடு மீண்டும் உயிர்பெற்றது. எப்படிப்பட்ட மனிதனாக இருப்பது என்று தெரிந்தவனுக்கு என்ன செய்வது என்பது தானாகத் தெரியும் என்பது இதன் நம்பிக்கை. சான்றாண்மை, அடக்கமுடைமை, ஒப்புரவறிதல் என்று பண்புகளுக்கு அதிகாரம் அதிகாரமாக ஒதுக்கிய மொழியில் இதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், காந்தி முழு உடையைக் களைந்து இடுப்பு வேட்டிக்கு மாறினார். அவர் ஒருவர் சட்டை போடாததால் யாருக்கும் துணி கிடைத்துவிடவில்லை; அப்படிச் செய்யச் சொல்லும் கடமையும் எந்தச் சட்டத்திலும் இல்லை. கதர் வாங்க வழியில்லாத கூட்டத்தின் முன் தான் எப்படிப்பட்ட ஆளாக நிற்பது என்பதே அவருக்குப் பிரச்சினை. 2024 ஜனவரியில் மதுரையை ஒட்டிய கொடிக்குளத்தில், ஒரு வங்கி ஊழியர் இறந்த மகளின் நினைவாகக் கோடிக்கணக்கில் மதிப்புள்ள ஓர் ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தார். ஊர் மெச்சியது நிலத்தின் விலையை மட்டுமா, அந்த மனத்தையுமா என்று அங்கே யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு நல்ல மனிதர்கள் எதிரெதிரே நின்றால் இந்தக் கோட்பாடு கைவிரித்துவிடுகிறது.

அப்படி எதிரெதிரே நிற்பவர்களைப் பார்க்கத் தை மாதம் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் போனால் போதும்.

ஜல்லிக்கட்டு வழக்கு சூடேறியது 2006இல், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஆர். பானுமதி விதித்த தடையோடு. 2009இல் மாநில அரசு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினா, அலங்காநல்லூர், தமுக்கம் மைதானம் என்று இளைஞர்கள் திரண்டார்கள். அவசரச் சட்டமும் பிறகு சட்டத் திருத்தமும் வந்தன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது.

இந்தப் பதினேழு ஆண்டு வாதத்தை அறவியல் மாணவர் ஒருவர் கேட்டால், இரு தரப்பும் ஒரே பள்ளத்தைத் தாண்டிக் குதிப்பது தெரியும். ஏறுதழுவுதல் கலித்தொகையில் இருக்கிறது, ஆகவே இருக்க வேண்டும் என்றது ஒரு தரப்பு. காளைக்கு வலிக்கிறது, ஆகவே கூடாது என்றது மறு தரப்பு. 'இருக்கிறது' என்பதில் இருந்து 'வேண்டும்' என்பதற்கு எந்தப் பாலத்தில் நடந்து வந்தீர்கள் என்று ஸ்காட்லாந்தின் டேவிட் ஹ்யூம் 1740வாக்கில் கேட்டது இரு தரப்புக்குமே பொருந்தும். இரண்டு வாக்கியங்களிலும் சொல்லாமல் விடப்பட்ட ஒரு நடுப்படி இருக்கிறது: பழமை காக்கத் தக்கது; வலி தவிர்க்கத் தக்கது. சண்டையே அந்த நடுப்படியில்தான்.

கான்ட்டால் இங்கே காளைக்குப் பெரிய உதவி இல்லை. பகுத்தறிவு உள்ளவர்களுக்கே நேரடிக் கடமை என்றவர் அவர்; விலங்கை வதைத்தால் மனிதனின் மனம் மரத்துப்போகும் என்ற அளவில்தான் தடுத்தார். பெந்தம் வேறு மாதிரி. விலங்குக்குப் பேசவோ சிந்திக்கவோ தெரியுமா என்பதை விட்டுவிட்டு, துன்பம் தெரியுமா என்று மட்டும் கேட்கச் சொன்னார். 2014 தீர்ப்பில் வீசுவது அந்தக் காற்று. அவருக்கு 2,000 ஆண்டுகள் முன்பே அதைச் சொன்னவர்கள் மதுரையைச் சுற்றிய குன்றுகளில் படுத்திருந்தார்கள். மாங்குளம் மலையில் சமண முனிவருக்குக் கற்படுக்கை வெட்டித் தந்ததைச் சொல்லும் தமிழிக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. எந்த உயிரையும் துன்புறுத்தாதே என்பது அவர்களுக்கு விளைவுக் கணக்கல்ல, விலக்கில்லாத விரதம். 1928இல் சபர்மதி ஆசிரமத்தில், பிழைக்க வழியின்றித் துடித்த கன்றுக்குட்டி ஒன்றை ஊசி போட்டுக் கொல்லக் காந்தி சம்மதித்தபோது, அகிம்சையை அவர் கைவிட்டுவிட்டார் என்று கோபக் கடிதங்கள் குவிந்தன. துன்பத்தை நிறுத்துவதும் அகிம்சைதான் என்றார் அவர்.

காளை வளர்ப்பவர்களின் வாதம் பண்பாட்டோடு நிற்பதில்லை. வாடிவாசல் இல்லாவிட்டால் புலிக்குளம் காளையை யார் வளர்ப்பார்கள், டிராக்டர் வந்த பிறகு அது அடிமாடாகத்தானே போகும் என்று கேட்கிறார்கள். பெந்தம் பாணியிலேயே அமைந்த பதில் இது. ஒரு நாள் வாடிவாசலை, வருடம் முழுதும் கிடைக்கும் தீவனத்தோடும் இறைச்சிக் கூடத்தோடும் தராசில் வைக்கச் சொல்கிறது. எதிர்த்தரப்புக்கும் பதில் உண்டு: மாட்டைக் காக்க அதைத் துரத்தித்தான் ஆக வேண்டுமா, ஆண்டுதோறும் குத்துப்பட்டுச் சாகும் மனிதர்களை எந்தத் தட்டில் வைப்பது?

ஐவர் அமர்வு தீர்மானித்தது இவற்றில் சிலவற்றை மட்டுமே. விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன்னுதாரணம் இல்லை என்றது. புதிய விதிகள் வலியைப் பெருமளவு குறைக்கின்றன என்று ஏற்றது. திமிலை மட்டுமே பிடிக்கலாம், வாலை முறுக்கக் கூடாது, கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே காளை அவிழ்க்கப்படும் என்பவை அந்த விதிகள். ஜல்லிக்கட்டு தமிழரின் பண்பாடா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யாது, சட்டமன்றம் சொன்னதை மாற்றப் போவதில்லை என்றும் சொன்னது. கமுதி வழக்கில் நீதிபதிகள் வழக்கத்திடம் கைகாட்டினார்கள். இங்கே கைகாட்டியது வாக்குப் பெற்ற மன்றத்திடம். யார் முடிவு செய்வது என்பதற்கு விடை கிடைத்திருக்கிறது. காளைக்கு அது சரியா என்ற வழக்கை அலங்காநல்லூரில் மாடுபிடிக்கப் பெயர் கொடுப்பவர்களும் அவர்களை எதிர்ப்பவர்களும் ஒவ்வொரு தையிலும் புதிதாகத் தொடங்குகிறார்கள்.